தாய்மாமன் இல்லாதோர் நலத்திட்டம்

குமரகுருவின் வீட்டு வாசலில் டோக்கன் கொடுக்கிறார்கள் என்று ஊரில் சொன்னபோது பூவாத்தாள் நம்பவில்லை. கூடப் பிறந்த தம்பி வீட்டுக்குள் போக டோக்கன் வாங்குகிற காலம் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்து, மோகனூரில் பஸ் ஏறி வந்தாள். வந்து இறங்கினால் அந்தக் காலம் ஏற்கெனவே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் வீரன். நீலச் சட்டை போட்ட காவலாளி.

"நான் குமரனுக்கு அக்காங்க," என்றாள் பூவாத்தாள்.

"இங்க வர்ற பொம்பளைங்க எல்லாருமே ஐயாவுக்கு அக்காதானுங்க. அண்ணாந்து பாருங்க."

பார்த்தாள். கேட்டின் அகலத்துக்கு ஒரு பிளக்ஸ். அதில் குமரகுரு ஆளுயரத்துக்கு மேல் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தான். 'கொங்கு மண்ணின் தாய்மாமன்' என்று தலைக்கு மேல் எழுதியிருந்தது. வீரன் கொடுத்த டோக்கனில் நூற்றுப் பதினான்கு என்று போட்டிருந்தது. முன்னால் நூற்றுப் பதிமூன்று அக்காக்கள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பூவாத்தாளும் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான்கு வருசத்துக்கு முன்னால் வரைக்கும் இந்தக் கொங்கு மண்ணின் தாய்மாமன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன். சத்தீஸ்கர் பக்கம் ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டு, வருசத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவான். பூவாத்தாளின் மகள் தமிழினி பெரியவளானபோது, தகவல் கேட்டதும் முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டு நாள் நின்றபடி வந்து மாமன் சீர் செய்தான். போர்க் குழிச் சேறு காய்ந்த பேண்டோடு வந்து சபையில் நின்றான். சேலை என்னவோ சாதாரணச் சேலைதான். ஆனால் அன்றைக்குப் பூவாத்தாள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அம்மா இறந்த பிறகு அவன் அவளைச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப் போய், குடும்பத்துக் காட்டு நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் அப்படித்தான் போடுவார்கள். காட்டை விட்டுக்கொடுத்தால் கூடப் பொறந்தவன் கிடைப்பான். நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பான். மகளுக்குக் கல்யாணம் என்றால் நெற்றியில் பட்டம் கட்டுவான். பட்டம் என்றால் ஒன்றும் பெரிய சாமான் இல்லை, விரல் அகலத்துக்கு ஒரு ஜிகினாத் தகடு. அதைத் தாய்மாமன் கையால் கட்டினால்தான் எங்கள் ஆட்கள் அவளைக் கல்யாணப் பெண் என்று ஒத்துக்கொள்வார்கள்.

கையெழுத்து காய்ந்து எட்டு மாதத்தில், மழை பெய்தால் சோளம் விளையும், இல்லாவிட்டால் அதுவும் விளையாத அந்த மேட்டாங்காட்டின் ஓரமாகப் புறவழிச்சாலை வந்தது. சாலைக்குப் பின்னால் கிடங்கு கட்டுகிற கம்பெனி வந்தது. கம்பெனிக்குப் பின்னால் பணம் வந்தது. பணம் வந்ததும் குமரகுரு முதலில் போன் நம்பரை மாற்றினான். அப்புறம் நடையை மாற்றினான். பிறகு 'நான்' என்று பேசுவதை விட்டுவிட்டு 'நாம' என்று பேச ஆரம்பித்தான். தர்மம் செய்தால் வரி குறையும் என்று ஆடிட்டர் சொன்ன அன்று சாயங்காலமே அவனுக்குத் தர்ம சிந்தனை வந்துவிட்டது. அறக்கட்டளை பிறந்தது.

மூன்று மணி நேரம் கழித்து நூற்றுப் பதினான்கு என்று கூப்பிட்டார்கள். உள்ளே நிர்வாக அலுவலர் தனபால் இருந்தார். ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். முப்பத்து நான்கு வருசம் அரசாங்கச் சம்பளத்தில் ஜனங்களை 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பிவைத்தவர். அந்த அனுபவம் வீணாகப் போகக் கூடாது என்று குமரகுரு அவரைக் கூட்டிவந்து வைத்திருந்தான்.

"உக்காருங்கம்மா. பயனாளி பேரு?"

"பயனாளி இல்லீங்க. குமரனுக்குப் பத்திரிக வெக்க வந்தனுங்க. என்ற பொண்ணுக்குக் கல்யாணமுங்க. தாய்மாமனுக்குத்தானுங்களே மொதல்ல வெக்கோணும்?"

"அப்ப தாய்மாமன் சேவை தேவைப்படுது." தனபால் ஒரு படிவத்தை உருவினார். "தாய்மாமன் இல்லாதோர் நலத்திட்டம். ஐயா நேர்ல வருவாரு. எட்டு நிமிசம் இருப்பாரு. பட்டம் கட்டுவாரு. ஒரு பட்டுச் சேலை, பிரேம் போட்ட போட்டோ ஒண்ணு. இதுவரைக்கும் முப்பத்தாறு பொண்ணுகளுக்கு மாமனாயிட்டாரு. சரி, உங்க பொண்ணுக்குத் தாய்மாமன் உண்டுங்களா?"

"உண்டுங்க."

"எங்க இருக்காரு?"

பூவாத்தாள் கையை மேலே காட்டினாள். தனபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தில் துக்கத்தைக் கொண்டுவந்தார்.

"எப்பம்மா தவறுனாரு?"

"தவறலீங்க. மாடில இருக்கான். ஏசி ஓடுற சத்தம் கேக்குதுங்களே."

தனபால் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு படிவத்தை உள்ளே வைத்தார். "அப்ப உங்களுக்குத் தகுதி இல்லீங்கம்மா. மொத நிபந்தனையே பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்கக் கூடாதுங்கறதுதான்."

"எனக்குத் திட்டம் ஒண்ணும் வேண்டாமுங்க. சேலையும் வேண்டாம். அவன் சும்மா தம்பியா வந்து நின்னாப் போதும்."

"முடியாதே. விதி ஒன்பது. நிறுவனர் தனிப்பட்ட முறைல யாருக்கும் தாய்மாமனா நடந்துக்கக் கூடாது. சொந்த அக்காவுக்கு ஒரு நியாயம், ஊரார் அக்காவுக்கு ஒரு நியாயமுன்னா அது பாரபட்சம் இல்லீங்களா? ஐயாவுக்குப் பாரபட்சமே பிடிக்காது. மேல்முறையீடு பண்ணுங்க. கள ஆய்வுக்கு ஆள் வரும்."

தாம்பாளத்தைப் பார்த்ததும் அவருக்கு இன்னொரு கடமை நினைவுக்கு வந்தது. தேங்காயும் பழமும் நன்கொடைப் பிரிவுக்குப் போயின. ரசீது கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தித் தபால் பிரிவுக்கு அனுப்பினார்கள். முத்திரை மணமகள் பெயர் மேலேயே விழுந்தது. வெற்றிலை பாக்கை வாங்குவதற்கு மட்டும் அங்கே பிரிவு இல்லை. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு பூவாத்தாள் பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனாலும் கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சுற்றி இருக்கிறவர்கள்தான் அவனை இப்படி ஆக்கிவைத்திருக்கிறார்கள், காதுக்குச் சேதி போயிருந்தால் ஓடி வந்திருப்பான் என்று புருசன் நாச்சிமுத்துவிடம் சொன்னாள். நாச்சிமுத்து நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வெல்டர். அதிகம் பேசமாட்டார். "ம்" என்று கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் கள ஆய்வுக்கு ஷாலினி என்று ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். கையில் டேப்லெட். வீட்டை நான்கு பக்கமும் படம் எடுத்தாள். சுவரில் தமிழினியின் சீர்ப் படம் மாட்டியிருந்தது. அதில் சேறு காய்ந்த பேண்டோடு ஒருத்தன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"இது யாருங்க?"

"தாய்மாமன்," என்றாள் பூவாத்தாள்.

ஷாலினி படத்துக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முதலாளிதான். ஆனால் அவள் பார்க்கிற முகத்தில் இந்த மாதிரிச் சிரிப்பு இருந்ததில்லை போலிருக்கிறது, அடையாளம் தெரியவில்லை.

"கடைசியா எப்ப வந்தாருங்க?"

"நாலு வருசமா வல்லீங்க."

"போன் பேசுவாருங்களா?"

"நம்பர் எங்ககிட்ட இல்லீங்க."

ஷாலினி டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள். "தாய்மாமன் உள்ளார். பயன்பாட்டில் இல்லை."

தமிழினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். யாருக்கும் பயப்படமாட்டாள். "ஏனுங்க்கா, கெணத்து மோட்டாருக்கு எழுதற மாதிரி எழுதறீங்க?"

"இதுல அப்படித்தான் வருதுங்க. 'பழுது'ன்னு இன்னொண்ணு இருக்குது. அதைப் போடட்டுங்களா?"

"அதையே போடுங்க," என்றாள் தமிழினி.

இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அறக்கட்டளையில் இரண்டு கூட்டம் போட்டார்கள். பழுதான தாய்மாமனை இல்லாத தாய்மாமனாகக் கருதலாமா என்று முதல் கூட்டத்தில் விவாதித்தார்கள். கருதலாம் என்றால் ஊரில் பாதிப்பேர் விண்ணப்பித்துவிடுவார்களே என்று இரண்டாவது கூட்டத்தில் பயந்தார்கள். கடைசியில், விண்ணப்பதாரரை நிறுவனரே நேர்காணல் செய்யட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆட்டையாம்பட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். மூன்று தடவையும் ஒரே கேள்விதான். "தாய்மாமன் வந்துருவாருங்களே?"

நேர்காணலுக்கு மூன்று நிமிடம். பூவாத்தாள் உள்ளே போனபோது குமரகுரு பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தான். பக்கத்தில் தனபால் கையில் மணியோடு நின்றார். பின்னால் ஒரு ஆள் கேமரா பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா," என்றான் குமரகுரு.

அந்த ஒரு 'ங்க'வில் பூவாத்தாளுக்குப் பாதி உயிர் போயிற்று. அவளை அவன் வாழ்நாளில் 'வாக்கா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். இருந்தாலும் சமாளித்துக்கொண்டாள்.

"குமரா, தமிழினிக்குக் கல்யாணம் சாமி. நீ வந்து பட்டங் கட்டோணும்."

"அக்கா, நாம இப்பத் தனியாளு இல்லீங்க. ஒரு நிறுவனம். நிறுவனத்துக்கு அக்கா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க." யாரோ எழுதிக் கொடுத்ததைப் போலத் தடங்கல் இல்லாமல் வந்தது பேச்சு. "அன்னைக்கு நம்மகிட்டக் குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால ரெண்டு நாள் ரயில்ல நின்னு வந்து உறவக் குடுத்தோம். இன்னைக்குக் குடுக்கறதுக்கு எத்தனையோ இருக்குது. அப்பறம் உறவ எதுக்குக் குடுக்கோணும்? வேணுமுங்கறதக் கேளுங்க. தையல் மிசினு குடுக்கறோம். கறவ மாடு குடுக்கறோம்."

"எனக்கு மாடு வேண்டாம். நீதான் வேணும்."

குமரகுரு கேமராக்காரனை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அவன் போனதும் குரலை இறக்கினான். "அக்கா, நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா? தாய்மாமன்னு சபைல வந்து நின்னா நாலு பேரு என்ன கேப்பான்? தம்பி இத்தன வசதியா இருக்கானே, அக்காளுக்குக் காட்டுல என்ன குடுத்தான்னு கேப்பான். சட்டப்படி ஒண்ணுமில்ல, பத்திரம் என்ற பீரோவுல இருக்குது. ஆனா கேள்வின்னு கெளம்புனா பேரு போயிரும். அடுத்த தேர்தலுக்குச் சீட்டுக் கேட்டிருக்கறன். நீ பங்கு கேக்கற நெனப்புல இருந்தா இப்பவே சொல்லிப்போடு."

பங்கு என்கிற நினைப்பே பூவாத்தாளுக்கு இருந்ததில்லை. இத்தனை நாளும் அவன் தன்னை அக்காளாகப் பார்க்காமல், பீரோவில் இருக்கிற பத்திரத்தின் எதிர்ப்பார்ட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது இப்போதுதான் புரிந்தது. சுற்றி இருக்கிறவர்கள் யாரும் அவனை ஆக்கிவைக்கவில்லை. அவன்தான் சுற்றி இருக்கிறவர்களை ஆக்கிவைத்திருக்கிறான்.

"அடேய், நான் வெத்தலையோட வந்தன்டா. வக்கீலோட வல்ல."

தனபால் மணியை அடித்தார். மூன்று நிமிடம் முடிந்திருந்தது.

ஆனாலும் தனபால் சும்மா அனுப்பிவிடவில்லை. பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் ஒரு வழி சொன்னார். நிறுவனரின் நெருங்கிய உறவுக்கு அறக்கட்டளை நன்மை செய்தால் வரிவிலக்குப் போய்விடும். உறவு இல்லாதவருக்குச் செய்தால் போகாது. ஆகவே உறவு இல்லை என்று ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டால் ஐயா தாராளமாக வந்து தாய்மாமனாக நிற்கலாம். ஐயாவே மேலே சரி சொல்லிவிட்டார். முத்திரைத் தாளில் தட்டச்சு செய்து தயாராகவே இருந்தது.

'எனக்கு உடன்பிறந்த ஆண் எவரும் உயிருடன் இல்லை என்றும், நிறுவனர் திரு. குமரகுரு அவர்களுக்கும் எனக்கும் இரத்த உறவு ஏதும் இல்லை என்றும் என் மனமறிய உறுதி கூறுகிறேன்.'

"முன்னயே ஒரு பத்திரத்துல போட்டிருக்கீங்கதானே. பழக்கம் இருக்கும்," என்றார் தனபால். கிண்டலாகச் சொல்லவில்லை. தைரியம் கொடுப்பதற்காகத்தான் சொன்னார்.

பூவாத்தாள் தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். நாச்சிமுத்து இரண்டு தடவை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போடறதுக்குக் கல்யாணத்தையே நிறுத்திப்போடலாம். உன்ற பெரியப்பன் பையன் காளியண்ணன் இருக்கறானே, அவனை வெச்சுப் பட்டங் கட்டுனா என்ன? முறைதானே?"

"முறைதானுங்க. ஆனா பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தனைக் கட்டச் சொன்னா, ஊரு அவனைக் கேவலமாப் பேசுமுங்க."

இதுதான் எங்கள் பெண்களின் புத்தி. அவன் தன்னையே செத்த கணக்கில் எழுதச் சொல்கிறான். இவள் அவனுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்கிறாள். காகிதம் காகிதத்தோடு இருக்கட்டும், ஆள் வந்து சபையில் நின்றால் போதும் என்று பூவாத்தாள் கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பயனாளி எண் முப்பத்தேழு என்று பதில் வந்தது.

கூடவே விழா நெறிமுறை என்று இரண்டு பக்கத் தாள் வந்தது. ஐயா வரும்போது கெட்டிமேளம் நிறுத்தப்பட வேண்டும், வேறு பாட்டு உண்டு. மணமகள் ஐயாவின் காலில் விழும்போது முகம் கேமராப் பக்கம் இருக்க வேண்டும். பட்டம் கட்டும்போது பயனாளியின் தாயார் கண்கலங்க வேண்டும், கலங்காவிட்டால் இன்னொரு தடவை எடுக்கப்படும். பின்னர் நாற்பது விநாடி நன்றியுரை. ஐயாவை யாரும் பேர் சொல்லியோ, வா போ என்றோ அழைக்கக் கூடாது. தமிழினி அதைப் படித்துவிட்டு மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பூவாத்தாள் எடுத்து நீவி அலமாரியில் வைத்தாள்.

கல்யாணம் மோகனூர் மண்டபத்தில். முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் நான்கு கார் வந்தது. மேடையில் மாப்பிள்ளை பெண் பெயர் எழுதியிருந்த பூ அலங்காரத்தை மறைத்து அறக்கட்டளை பிளக்ஸைக் கட்டினார்கள். சடங்கு நடத்திக்கொண்டிருந்த அருமைக்காரர் பெரியவர், தன் தலைக்கு மேல் ஆட்கள் ஏணி போட்டு ஏறுவதைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். குமரகுரு வெள்ளை வேட்டியில் ஏறி வந்தான். அவன் கையில் பட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும், இத்தனைக்கும் பிறகு, பூவாத்தாளுக்கு மனசு இளகிவிட்டது. வந்துவிட்டான் என்று நினைத்தாள். நெறிமுறையில் சொன்னபடியே கண் கலங்கியது.

தனபால் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, ஐயாவுக்குக் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி யாருமே கெடையாது. அந்த ஏக்கம் அவருக்கு உண்டு. அதனாலதான் இந்த மண்ணுல இருக்கற ஒவ்வொரு பொம்பளையையும் அக்காவா நெனைக்கறாரு. இன்னைக்கு, கூடப் பொறந்தவனைச் சாகக் குடுத்துட்டு ஆதரவில்லாம நிக்கற இந்தத் தாய்க்கு..."

மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள். குமரகுருவையும் பூவாத்தாளையும் ஒரே தூளியில் போட்டு ஆட்டியவர்களே முன்வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தருக்குக் கறவை மாட்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. ஒருத்தருக்குப் பேரனின் காலேஜ் சீட்டு. எல்லோரும் மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து மட்டும் மனைவியைப் பார்த்தார். பூவாத்தாள் மேடை ஏறினாள்.

"குமரா, இந்த மனுசன் சொல்றது நெசமா?"

குமரகுரு மெதுவாக, "அக்கா, அது சும்மா காகிதத்துக்கு..." என்று ஆரம்பித்தான்.

தனபால் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவன் காதருகே குனிந்தார். "ஐயா, ரெக்கார்டு ஆகுதுங்க. 'அக்கா'ன்னு கூப்புடலாம், அது திட்டத்துலயே இருக்குது. 'என்ற அக்கா'ன்னு மட்டும் சொல்லீராதீங்க. ஆடிட்டர் போட்டுப் பாப்பாரு."

பூவாத்தாளுக்கு அது கேட்டது. பக்கத்தில் நின்ற தமிழினிக்கும் கேட்டது.

"ஒரே ஒரு வார்த்த சாமி," என்றாள் பூவாத்தாள். "இவ என்ற கூடப் பொறந்த அக்கான்னு அந்த மைக்குல சொல்லு. சொல்லீட்டுப் பட்டத்தக் கட்டு. காட்டப் பத்தி நான் சாகற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டன். இத்தன பேரு சாட்சி. சொல்லு."

குமரகுரு மைக்கை வாங்கினான். அவன் பூவாத்தாளின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தான். அவன் முகத்தில் என்னவோ ஒன்று அசைந்தது. ரயிலில் நின்று வந்தவன் ஒரு விநாடி எட்டிப் பார்த்தானோ என்னவோ. வாயைத் திறந்தான்.

"பெரியோர்களே, தாய்மார்களே, இந்தக் கொங்கு மண்ணுல பொறந்த ஒவ்வொரு தாயும் நமக்கு..."

முப்பத்தாறு மேடையில் பேசிய அதே பேச்சு. பழக்கமான இடத்தில் நிறுத்தி, பழக்கமான இடத்தில் கையைத் தூக்கினான். கீழே இருந்து அவன் ஆட்கள் கை தட்டினார்கள். தட்டிப் பழகிய கைகள்.

பேச்சு முடியும் வரைக்கும் பூவாத்தாள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் அவன் கையிலிருந்த பட்டத்தை எடுத்தாள். அவன் விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. அருமைக்காரரிடம் திரும்பினாள்.

"எனக்குப் பொறந்தவன் இல்லீங்க. பெரியப்பன் பையன் இருக்கறானுங்க. அவன் கட்டட்டுமுங்களா?"

அருமைக்காரர் எழுந்து முன்னால் வந்தார். "தாராளமாக் கட்டலாமுங்க. வரச் சொல்லுங்க."

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த காளியண்ணனை நாச்சிமுத்து போய்க் கூட்டி வந்தார். டிப்பர் லாரி ஓட்டுகிறவன். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, "நானுங்களா, நானுங்களா" என்று கேட்டுக்கொண்டே கட்டினான். முடிச்சு சரியாக விழாமல் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான். தமிழினி அவன் காலில் விழுந்து எழுந்தாள். முகம் கேமராப் பக்கம் இல்லை. கேமராக்காரன் "அம்மா, இன்னொருக்கா" என்று சொல்லப் போய், நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவை இறக்கிவிட்டான். கெட்டிமேளம் முழங்கியது.

எட்டு நிமிடம் முடிந்தும் குமரகுரு போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. தனபால் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை காட்டினார். தாலி கட்டி முடிந்து எல்லோரும் சாப்பிட இறங்கும்போது அவன் மேடையோரத்தில் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா," என்றான். கேமரா பக்கத்தில் இல்லை. தனபாலும் கீழே காரைக் கூப்பிடப் போயிருந்தார். "அக்கா, நான் வந்து..."

பூவாத்தாள் நின்றாள். கல்யாண வீட்டுக்காரி எல்லோருக்கும் கூப்புகிற மாதிரி இரண்டு கையையும் கூப்பினாள்.

"வாங்க, வாங்க. வந்ததுக்கு ரொம்பச் சந்தோசமுங்க. சாப்புட்டுட்டுத்தான் போகோணும். உங்களுக்கு ஊரு எதுங்க?"